பன்றிக்குட்டி செய்த பாவம் என்ன?

‘பேப்’ படத்தை விசுவாசக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாது என்று தீர்ப்பெழுதியிருக்கும் கட்டுரையாளர், அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாக ஒரு மதிப்பெண் அட்டவணையை வைத்திருக்கிறார். வன்முறை, கீழ்ப்படியாமை, பொய், களவு, தேவதூஷணம் என்று தலைப்புகளைப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் படத்தில் கண்ட குற்றங்களை எண்ணி, நூறிலிருந்து கழித்துக்கொண்டே போய், கடைசியில் பன்றிக்குட்டியைத் தேர்ச்சி மதிப்பெண்ணுக்குக் கீழே தள்ளிவிட்டார். அமெரிக்கச் சுவிசேஷ வட்டாரங்களில் நெடுநாளாகப் புழங்கும் கழித்தல் கணக்கு இது. பிள்ளை எதைப் பார்க்கிறது என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. கிறிஸ்தவப் பெற்றோர் கிறிஸ்தவ மதிப்பீட்டை வைத்துத்தான் கேட்பார்கள், அப்படித்தான் கேட்கவும் வேண்டும். ஆனால் இவர் கையில் இருக்கும் கோல் எந்தச் சுவிசேஷத்திலிருந்து முறித்தெடுத்தது? நான்கு சுவிசேஷங்களிலும் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

படத்தைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. டிக் கிங்-ஸ்மித் 1983-இல் எழுதிய சிறுவர் நாவலை வைத்து, கிறிஸ் நூனன் இயக்க, அவரும் ஜார்ஜ் மில்லரும் சேர்ந்து திரைக்கதை எழுதி, 1995-இல் வெளிவந்த ஆஸ்திரேலியப் படம். ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள், காட்சி விளைவுகளுக்கு ஒரு விருது. இறைச்சித் தொழிற்சாலைக் கொட்டகையில் பிறந்த பன்றிக்குட்டியொன்று, சந்தையில் எடையைச் சரியாகச் சொன்ன விவசாயி ஹாக்கெட்டுக்குப் பரிசாகக் கிடைக்கிறது. பண்ணையில் ஃப்ளை என்ற நாயின் அரவணைப்பில் வளர்ந்து, ஆடு மேய்க்கக் கற்றுக்கொள்கிறது. இவ்வளவுதான் கதை. இதில்தான் நம்மவர் சாத்தானின் கால்தடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்.

அவருடைய முதல் குற்றச்சாட்டு: விலங்குகள் பேசுகின்றன, ஆகவே தேவசாயலில் படைக்கப்பட்ட மனிதனுக்கும் மிருகத்துக்கும் உள்ள எல்லை பிள்ளையின் மனதில் அழிந்துபோகும். எண்ணாகமம் 22-ஆம் அதிகாரத்தை இவர் எந்த வயதில் வாசிப்பதை நிறுத்தினார்? பிலேயாமின் கழுதை பேசுகிறது. சும்மா பேசவில்லை, மூன்று முறை தன்னை அடித்த எஜமானிடம் நியாயம் கேட்கிறது. அந்த எஜமான் ஊரறிந்த தீர்க்கதரிசி. அவன் கண்ணுக்குத் தெரியாத தேவதூதன் கழுதையின் கண்ணுக்குத் தெரிகிறான். வந்த தூதனும் கழுதையைக் கண்டிக்கவில்லை, அடித்தவனைத்தான் கண்டிக்கிறான். நியாயாதிபதிகள் 9-இல் யோதாம் சொல்லும் கதையில் மரங்களே கூடிப் பேசித் தங்களுக்கு ராஜாவைத் தேடுகின்றன. ஞாயிறு பள்ளியில் இவற்றைக் கேட்டு வளர்ந்த எந்தப் பிள்ளையாவது கழுதைக்கும் தனக்கும் வேறுபாடு தெரியாமல் தவித்ததுண்டா? பேசும் மிருகம் கதையின் மிகப் பழைய உபகரணம். பரிசுத்த ஆவியானவரே அதைப் பயன்படுத்தக் கூசவில்லை என்று நம்புகிற ஒருவர், திரைப்பட இயக்குநர் மட்டும் அதைத் தொடக் கூடாது என்பது எந்த இறையியல்?

வேடிக்கை இதோடு முடியவில்லை. ‘பேப்’ வேண்டாம் என்ற கையோடு, அதே கட்டுரையில் அவர் பரிந்துரைக்கும் மூன்று படங்களில் ஒன்று 2005-இல் வந்த நார்னியா. அதில் சிங்கம் பேசுகிறது, பீவர் தம்பதி பேசுகிறார்கள், ஓநாய்கள் பேசுகின்றன. மந்திரக்காரி ஒருத்தி படம் முழுக்க ஆட்களைக் கல்லாக்கிக்கொண்டே வருகிறாள். சிறுவர்கள் வாளெடுத்துப் போருக்குப் போகிறார்கள். அங்கே எல்லை அழியவில்லையாம்! மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பது இதுதான். நார்னியாவை எழுதிய சி. எஸ். லூயிஸ் கிறிஸ்தவர் என்பதால் சலுகை என்றால், அந்த லூயிஸ் விலங்குகளைப் பற்றி என்ன நினைத்தார் என்றாவது இவர் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். 1940-இல் வலியைப் பற்றி எழுதிய நூலில் விலங்குகளின் வலிக்கென்றே தனி அத்தியாயம் ஒதுக்கியவர் அவர். 1947-இல் உயிருள்ள விலங்குகளை அறுத்துச் சோதிப்பதற்கு எதிராகத் தனிக் கட்டுரையே எழுதியவர். லூயிஸைத் துணைக்கு அழைத்தால், அவர் பன்றிக்குட்டியின் பக்கம்தான் போய் நிற்பார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘பேப்’ வெளியான அதே 1995-இல், திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி வத்திக்கான் 45 முக்கியமான படங்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் ‘ஃபேன்டேசியா’ இருக்கிறது, ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ இருக்கிறது. மந்திரவாதியின் சீடனும் மொட்டை மலைப் பிசாசும் பேசும் சிங்கமும் ரோமாபுரியைப் பயமுறுத்தவில்லை. பேசும் பன்றி இவரை நடுங்க வைக்கிறது.

இரண்டாவது குற்றச்சாட்டுதான் கட்டுரையின் உயிர்நாடி. மற்றவை அதற்குப் போட்ட பந்தல். தேவன் ஒவ்வொரு ஜீவனையும் அதனதன் ஜாதியின்படி படைத்தார்; பன்றி பன்றியாகவும் நாய் நாயாகவும் இருப்பதே படைப்பின் ஒழுங்கு; பன்றி மேய்ப்பு நாயின் வேலைக்கு ஆசைப்படுவதைக் கொண்டாடும் படம், தனக்கு விதித்த இடத்தை மீறப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறது. இதுதான் வாதம். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் ‘ஜாதியின்படி’ என்பது ஆடு ஆட்டையும் மாடு மாட்டையும் ஈனும் என்ற செய்தி. எந்த ஜாதி எந்த வேலை பார்க்க வேண்டும், எது எதற்கு முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டும் என்ற சட்டம் அங்கே எங்கே இருக்கிறது? அந்தப் பண்ணையில் ‘அவரவர் இடம்’ என்பதை வகுத்தவர்கள் யார் என்று படமே தெளிவாகக் காட்டுகிறது. ஆடுகள் மடையர்கள் என்று நாய்கள் தங்கள் குட்டிகளுக்குச் சொல்லிக்கொடுக்கின்றன. நாய்கள் ஓநாய்கள், கொடூரமானவை, புரியாதவை என்று ஆடுகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கின்றன. யாரும் யாரையும் அறியாமல், தலைமுறை தலைமுறையாகக் கடத்திவந்த இகழ்ச்சியைத்தான் அங்கே ஒழுங்கு என்று அழைக்கிறார்கள். நம்மவர் அதைச் சிருஷ்டிகரின் கையெழுத்து என்கிறார்.

இங்கே கொஞ்சம் நிதானித்து ஒரு காட்சியைப் பார்க்க வேண்டும். கட்டுரையாளர் தம் அட்டவணையில் ‘ஆட்டைக் கடித்தல், வன்முறை’ என்று ஒற்றை வரியில் குறித்துவிட்டுக் கடந்துபோன காட்சி அது. முதன்முறை மந்தையை ஓட்டப் போகும் பேப், குரைத்துப் பார்க்கிறான், ஆடுகள் சிரிக்கின்றன. ஃப்ளை தன் அறிவுக்கெட்டிய புத்தியைச் சொல்கிறாள்: அவை உனக்குக் கீழானவை, அடக்கினால்தான் அடங்கும், தேவைப்பட்டால் கடி. பிள்ளை வளர்ப்புத் தாயின் சொல்லைத் தட்டாமல் போய் ஓர் ஆட்டின் காலைக் கவ்வுகிறான். உடனே மா என்ற கிழட்டு ஆடு அவனை நிறுத்திக் கேட்கிறாள்: உனக்கு ஏன் இந்த ஓநாய்ப் புத்தி? குட்டி வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்கிறான். அப்புறம் தயவுசெய்து வாருங்கள் என்று பணிவாகக் கேட்கிறான். அதுவரை சிதறி ஓடிய மந்தை வரிசை கட்டி, தானாகவே நடந்து போகிறது. இந்தக் காட்சியில் எண்ணத் தகுந்தது கடி ஒன்றா? கடித்தது பிழையென்று உணர்ந்ததும், கடிபட்டவரிடமே மன்னிப்புக் கேட்டதும், அதிகாரத்தைக் கீழே வைத்துவிட்டு மரியாதையைக் கையிலெடுத்ததும் எந்தத் தலைப்பின் கீழ் வருகின்றன? அட்டவணையில் அவற்றுக்கு இடமே கிடையாது. புறஜாதியாரின் அதிகாரிகள் இறுமாப்பாய் ஆளுகிறார்கள், உங்களுக்குள் அப்படி இருக்கலாகாது, பெரியவனாக விரும்புகிறவன் ஊழியக்காரனாக இருக்கட்டும் என்ற பொருளில் இயேசு சீடர்களுக்குச் சொன்னது மத்தேயு 20-இல் இருக்கிறது. அந்தப் போதனையை ஐந்து நிமிடத்தில் ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரிய வைக்கிற காட்சி இதைவிட வேறொன்று சினிமாவில் உண்டென்றால் கட்டுரையாளர் காட்டட்டும். ‘கிறிஸ்தவ மதிப்பீடு’ என்ற பெயரில் அதைக் கழித்தல் குறி போட்டு அடித்தவர், எதை மதிப்பிடுகிறார், எதை மறைக்கிறார்?

‘தீட்டான’ பிராணியை நாயகனாக்கியதை வேறு இடித்துக் காட்டுகிறார். அப்போஸ்தலர் நடபடிகள் 10 இவருடைய வேதாகமத்தில் இல்லையோ? யோப்பா பட்டணத்து மாடியில் பேதுரு கண்ட தரிசனத்தில், வானத்திலிருந்து இறங்கிய துப்பட்டியில் நாலுகால் ஜீவன்கள் எல்லாம் இருந்தன. தேவன் சுத்தமாக்கியதை நீ தீட்டென்று சொல்லாதே என்ற கட்டளை மூன்று முறை வந்தது. பேதுருவுக்கே மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், நம்மவர் மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வருகிறது. ஆனால் அந்தத் தரிசனத்தின் நோக்கம் உணவோடு நிற்கவில்லை என்பதைப் பேதுரு அதே அதிகாரத்தில் புரிந்துகொள்கிறான்: எந்த மனிதனையும் தீட்டானவன் என்று சொல்லக் கூடாது. ‘அவரவர் இடத்தில் இருக்கட்டும்’ என்ற வாசகத்தைப் பன்றிக்குச் சொல்வதுபோல் சொல்லிப் பிள்ளையின் காதில் போடுகிறவர்கள், அந்தப் பிள்ளை பெரியவனாகி அதை யாரைப் பார்த்துச் சொல்லப் போகிறான் என்று யோசித்தார்களா? யோசித்துத்தான் போடுகிறார்களா?

மூன்றாவது, படத்தில் மரணமும் பயமும் இருக்கின்றன என்பது. இருக்கின்றன. மாவை வெறிநாய்கள் கடித்துக் கொல்கின்றன. அவற்றை விரட்டியடித்த பேப்பின் மூக்கில் இரத்தம் படிந்திருக்கிறது. அதைக் கண்ட ஹாக்கெட் குற்றவாளி இவன்தான் என்று நினைத்துத் துப்பாக்கியை எடுக்கிறார். ஆடுகளை ஒரு நாளும் மதித்துப் பேசியிராத ஃப்ளை, முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தி அவற்றிடம் போய் நடந்ததைக் கேட்கிறாள், அவையும் சொல்கின்றன. சுற்றுவட்டாரத்தில் நாய்கள் வெறியாட்டம் போட்ட செய்தியோடு வீட்டுக்காரம்மா வருவதால் குட்டி உயிர் பிழைக்கிறான். குற்றமற்றவன் மேல் பழி விழுவதும், விசாரிக்காமல் தண்டிக்கக் கை ஓங்குவதும், எளியவர்களின் சாட்சியத்தைக் கேட்கப் பெரியவர் ஒருவர் இறங்கிப் போவதும் பிள்ளைகள் பார்க்கக் கூடாத காட்சிகளா? அப்படியானால் பெரிய வெள்ளியன்று அவர்களைக் கோயிலுக்கு அழைத்துப் போகாதீர்கள்.

அமெரிக்கத் திரைப்படங்களுக்கு 1930-இல் ஒழுக்க நெறி எழுதியவர்களில் ஒருவர் டேனியல் லார்ட் என்ற இயேசு சபைக் குரு. கூட இருந்த மார்ட்டின் குவிக்லியும் கத்தோலிக்கர். கடுமையான நெறிதான், அதில் எனக்கு உடன்பாடில்லாதவை நிறைய. ஆனாலும் அவர்கள் முதலில் கேட்ட கேள்வி உருப்படியானது: பார்ப்பவரின் அனுதாபத்தை இந்தப் படம் யார் பக்கம் திருப்புகிறது, குற்றத்தின் பக்கமா, நன்மையின் பக்கமா? ஒரு தணிக்கைக்காரர் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எட்டிய இந்தக் கேள்வியைக்கூட எட்டாமல், சம்பவங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறது இந்த அட்டவணை. எண்ணிக்கைதான் நீதி என்றால் 2 சாமுவேலை எந்த வீட்டிலும் வைத்திருக்க முடியாது. அவர் பரிந்துரைக்கும் இரண்டாவது படம் 1957-இல் டிஸ்னி எடுத்த ‘ஓல்ட் யெல்லர்’. வெறிநோய் கண்ட தன் பிரியமான நாயைச் சிறுவன் தன் கையாலேயே சுட்டுக் கொல்கிறான். அருமையான படம், எனக்கும் பிடிக்கும். அங்கே துப்பாக்கி வெடிக்கிறது, நாய் சாகிறது. அது ‘பொறுப்பைக் கற்றுத்தரும் படம்’. இங்கே துப்பாக்கி வெடிக்காமல் கீழே இறங்குகிறது, பன்றி பிழைக்கிறது, இது ‘வன்முறை’.

பொய், களவு பற்றிய அத்தியாயத்துக்கு இரண்டு வரி போதும். ஃபெர்டினாண்ட் என்ற வாத்து, தன்னைச் சமைத்துவிடாமலிருக்க, வீட்டுக் கடிகாரத்தைத் தூக்கிவரச் சொல்லிப் பேப்பை ஏவுகிறது. காரியம் கெட்டு வீடே அலங்கோலமாகிறது. களவு பலித்ததாகப் படம் காட்டவில்லை. தம்பி அண்ணனின் ஆசீர்வாதத்தை ஏமாற்றிப் பறித்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு வாத்திடம் கணக்குக் கேட்பது அழகில்லை.

கிறிஸ்துமஸ் காட்சியைப் பற்றி அவர் எழுதியிருப்பதில்தான் மெய்யான கோபம் தெரிகிறது. கிறிஸ்துவின் பிறப்பைச் சொல்லாமல், அந்தப் பண்டிகையைப் பிராணிகளின் பயத்தோடு முடிச்சுப்போட்டது தேவதூஷணமாம். வீட்டில் விருந்துக்கு ஏற்பாடு நடக்கிறது, கொட்டகையில் யாருடைய கழுத்து என்று தெரியாமல் எல்லாரும் நடுங்குகிறார்கள், முடிவில் மேசைக்கு வாத்து வருகிறது. சன்னலுக்கு வெளியே நின்று அதைப் பார்க்கிற கண்களைப் படம் காட்டுகிறது. எதுவும் பிரசங்கிக்கவில்லை. ஆனால் பார்த்த பிள்ளை அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஒரு கேள்வி கேட்கும். இவர் அஞ்சுவது அந்தக் கேள்விக்கு. இவருடைய ‘தேவதூஷணம்’ என்ற பெரிய சொல்லுக்குள் ஒளிந்திருப்பது தட்டில் இருக்கும் துண்டத்தைப் பற்றிய கூச்சம். ஹாக்கெட்டாக நடித்த ஜேம்ஸ் குரோம்வெல் இந்தப் படத்தில் நடித்த அனுபவத்தால் பால் முட்டையையும் விட்டுவிட்டார் என்பதை ஏதோ சதியின் துப்புப்போல எடுத்து நீட்டுகிறார். நான் மாமிசம் சாப்பிடுகிறவன். யாரையும் விடச் சொல்லவில்லை, படமும் சொல்லவில்லை. ஆனால் ஏதேனில் மனிதனுக்கு ஆகாரமாகக் கொடுத்தது விதையுள்ள பூண்டும் கனிமரமும் என்பதும், மாமிசத்துக்கு அனுமதி ஜலப்பிரளயத்துக்குப் பிறகுதான் வருகிறது என்பதும், அந்த இடத்திலேயே தேவன் நோவாவோடு மட்டுமல்லாமல் சகல ஜீவஜந்துக்களோடும் உடன்படிக்கை செய்கிறார் என்பதும் ஆதியாகமம். அதைச் சொல்ல நடிகர் எவரும் தேவையில்லை. தாவீதின் மனச்சாட்சியை உடைக்க நாத்தான் எந்தக் கதையை எடுத்தான்? ஏழையின் மடியில் மகளைப்போல் வளர்ந்த ஓர் ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் விருந்துக்கு அடித்த கதையை. தாவீது கொதித்தெழுந்தான். நம்மவர் அங்கே இருந்திருந்தால், மிருகத்தின் மேல் மிகையான பாசம் காட்டியதற்காக நாத்தானுக்கு மதிப்பெண் குறைத்திருப்பார்.

மூன்றாவது பரிந்துரையைச் சொல்லாமல் விட்டேனே. 2005-இன் ‘மார்ச் ஆஃப் த பெங்குவின்ஸ்’. லூக் ஜாக்கே எடுத்த பிரெஞ்சு ஆவணப்படம். அமெரிக்காவில் மார்கன் ஃப்ரீமன் குரலில் ஓடி, ஆஸ்கரும் வாங்கியது. அங்கே பழைமைவாத விமர்சகர்கள் பேரரசப் பெங்குயினை ஏகபத்தினி விரதத்துக்கும் தியாகக் குடும்பத்துக்கும் சாட்சியாகக் கொண்டாடினார்கள். நம்மவர் அதை அப்படியே வழிமொழிகிறார். மனிதனுக்கும் மிருகத்துக்கும் எல்லை போட்டவர், திருமண வாழ்க்கைக்குப் பாடம் கேட்கப் பறவையிடம் போகிறார்! போனவர் பறவையையாவது பார்த்தாரா? ஆண் பெங்குயின் அண்டார்டிகக் குளிரில் இரண்டு மாதத்துக்கும் மேலாகப் பட்டினி கிடந்து முட்டையைக் காலில் ஏந்தி நிற்பது மெய். மனதை உருக்கும் மெய். ஆனால் அந்த ஜோடி ஒரு பருவத்துக்குத்தான். அடுத்த ஆண்டும் அதே துணையைச் சேர்வது ஏறத்தாழ 15 சதவீதம் மட்டுமே. குஞ்சை இழந்த தாய் இன்னொருத்தியின் குஞ்சைப் பறிக்கப் பாய்வதை அந்தப் படமே காட்டுகிறது. அட்டவணையில் அது எங்கே போயிற்று? களவுக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறையவில்லையே! ஆக, தமக்கு வேண்டிய முடிவைச் சொல்லும் விலங்கு ‘சிருஷ்டிப்பின் சாட்சி’, வேண்டாத கேள்வியைக் கேட்கும் விலங்கு ‘எல்லை மீறல்’. கோலின் நீளத்தை அளக்கப்படும் பொருளுக்கேற்ப மாற்றிக்கொள்கிறவரிடம் எதை நம்பி அளக்கக் கொடுப்பது?

கடைசியாக ஒரு துருப்புச் சீட்டை இறக்குகிறார்: கதரேனர் நாட்டில் இயேசு ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகளுக்குள் பிசாசுகளைப் போகவிட்டார், அவை கடலில் விழுந்து மாண்டன, ஆகவே பன்றியின் உயிருக்குத் தேவனிடத்தில் மதிப்பில்லை. பழைய வாதம்தான்; மனிகேயரை மறுக்கும்போது அகஸ்தீனே இதைக் கையாண்டிருக்கிறார். அகஸ்தீனின் பெருமைக்கு இதனால் குறைவில்லை, இந்த வாதத்துக்கு அவரால் பலமும் கூடவில்லை. மாற்கு 5-இன் மையத்தில் இருப்பவன் கல்லறைகளில் சங்கிலியை முறித்துக்கொண்டு அலறித் திரிந்த ஒரு மனிதன். அவன் விடுதலையைச் சொல்ல வந்த பகுதியிலிருந்து பன்றிக்கு விலைப்பட்டியல் தயாரிப்பது வேதத்தை வாசிக்கும் முறையே அல்ல. ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடாதவன் உங்களில் யார் என்று கேட்டவரும், விற்பனைக்கு வந்த அடைக்கலான் குருவிகளில் ஒன்றும் தேவனால் மறக்கப்படவில்லை என்று சொன்னவரும் அதே இயேசு. நினிவேயை ஏன் அழிக்கவில்லை என்று முறுக்கிக்கொண்ட யோனாவுக்குத் தேவன் சொன்ன காரணத்தில் லட்சத்து இருபதினாயிரம் பேருக்கும் அதிகமான மனிதரோடு மிருகஜீவன்களும் சேர்ந்தே எண்ணப்படுகின்றன; யோனாவின் புத்தகம் அந்தக் கேள்வியோடுதான் முடிகிறது.

இத்தனை பக்கம் எழுதியவர், ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ உண்மையில் பயன்படக்கூடிய ஒரு வரியை எழுதவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். எந்த வயதுப் பிள்ளை? அதை அவர் கேட்கவே இல்லை. தேர்வு எழுதுவது படம் மட்டும்தான். பார்க்கிற பிள்ளை அந்த அட்டவணையில் எங்குமே இல்லை. நான் சொல்கிறேன்: நாலு வயதுக் குழந்தை முதல் காட்சியில் தாய்ப்பன்றியைப் பிரித்துக் கொண்டுபோகும்போதே அழுதுவிடலாம், வெறிநாய்க் காட்சியில் நிச்சயம் பயப்படும், தனியாக விடாதீர்கள். ஆறேழு வயதானால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பன்றிகள் எதற்காக வளர்க்கப்படுகின்றன என்று பண்ணைப் பூனை பேப்பிடம் போட்டுடைக்கும் இடத்தில் பிள்ளை உங்கள் பக்கம் திரும்பும். உண்மையைச் சொல்லுங்கள். அது நிஜமா என்று கேட்டால், நிஜம் என்று சொல்லுங்கள். அதன்பின் மழையில் நனைந்து காய்ச்சலில் கிடக்கும் குட்டியை ஹாக்கெட் மடியில் வைத்துப் பால் புகட்டி, அதற்காகப் பாடி, அதற்காக ஆடியும் காட்டுவார். அதிகம் பேசாத மனிதர், நெட்டையான உடம்பு, ஆடத் தெரியாத கால்கள். அந்தக் காட்சிக்குக் கட்டுரையாளர் போட்டிருக்கும் மதிப்பெண்ணைத் தேடினேன். அதை அவர் குறிப்பிடவே இல்லை.